பணி தெரியவில்லை

எங்கள் நிலையத்துச் சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. காசநோய்க் கிருமியின் மரபணுக்கள் அத்தனையும் அதில் வரிசையாக உண்டு, நாலாயிரம் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது பார்க்கிற வேலையை எழுதியிருப்பார்கள். இது சுவர் கட்டும், இது கொழுப்பைத் தின்னும், இது மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும். ஆனால் நாலில் ஒன்றுக்கு எதிரே ‘பணி தெரியவில்லை’ என்றுதான் இருக்கும். உலகம் முழுக்கப் படித்தவர்கள் இத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்தும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிக்குள் இத்தனை பேர் என்ன செய்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. நாமெல்லாம் எந்த மூலைக்கு.

அதில் ஒரு மரபணுவுக்கு நாங்கள் ‘வெட்டி’ என்று பேர் வைத்திருந்தோம். அதன் எண்ணைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. எந்த நோயாளியின் கிருமியை எடுத்துப் படித்தாலும் அது மட்டும் சும்மாவே கிடக்கும். “வேலைவெட்டி இல்லாமக் கிடக்கு பாருங்கக்கா” என்று ரஹ்மத் மேடம் ஒரு நாள் சிரித்தார். அன்றிலிருந்து அது வெட்டி.

ரஹ்மத் மேடம் எங்கள் நிலையத்தின் ஆராய்ச்சியாளர். மேலப்பாளையத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் ஜெபமணி. பொத்தைமேடு காசநோய் ஆய்வு நிலையத்தில் முப்பது வருஷம் சளி பார்த்தவள். கண்ணாடித் துண்டில் சளியைத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கிருமியை எண்ணிச் சொல்வது என் வேலை. நோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பதும் நானேதான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டாக்டரைவிட எனக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். மாத்திரையை என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். விழுங்கியாயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டேன். வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன், கன்னத்துக்குள் ஒதுக்கியிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். விழுங்குவதைப் போனில் படம்பிடித்து அனுப்புகிற வசதி வந்து வருஷக்கணக்காகிறது. போனாவது மண்ணாங்கட்டியாவது. ஒரு நாள் மாத்திரையை ஏமாற்றினவன் நாலு பேருக்குக் கிருமியைக் கொடுப்பான். அதை மட்டும் நான் ஒருத்தரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிருபா என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பத்து வயது. என் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றுவாள். வளர்ந்து, கல்லரைக்கிற கிரஷருக்கு ஆறு வருஷம் வேலைக்குப் போனாள். அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. கல்தூசி இரண்டு பேர் நுரையீரலையும் இறுக்கிப்போட்டது. அவன் போய்விட்டான். இவளுக்கு இரண்டு வருஷம்தான் என்று திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருத்தர் சொல்லிவிட்டார். அவள் மகள் பெனிட்டாவுக்கு அப்போது நாலு வயது.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கிருபா தையல் மெஷின் போட்டாள், கோயில் பாடகர் குழுவில் பாடினாள், மாடிப்படி ஏறினால் மட்டும் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். “ரெண்டு வருஷம்னு சொன்ன டாக்டரே போய்ச் சேந்துட்டாரு மதினி. நான் இன்னும் ஒங்க உயிர வாங்கிக்கிட்டுக் கெடக்கேன்” என்பாள். மகளிடம் என்னைக் காட்டி, “ஒங்க அத்தைக்கு என்ன வேலை தெரியுமாட்டி? ஊர் பூரா துப்புததை எடுத்து வச்சு எண்ணுதது” என்பாள். பெனிட்டா விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த வருஷம் பங்குனியில் கிருபாவுக்கு இருமல் பிடித்தது. என்னிடம் சொல்லவில்லை, கழுதை. காசமாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, மகளை என் வீட்டில் படுக்கவைத்துவிட்டு, தன் வீட்டுப் பின்கட்டு அறையில் தனியாகக் கிடந்தாள். பிள்ளையோடு ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. இரண்டு மாசம் அப்படி. கடைசியில் நான் கையைப் பிடித்து நிலையத்துக்கு இழுத்துவந்து சளியைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் குச்சிக் கிருமிகள் கிடந்தன.

மறுநாளே மாத்திரை ஆரம்பித்தோம். ஆறு மாசம் விழுங்கினால் சரியாகிவிடும் என்று அவளைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் காலையில் ரஹ்மத் மேடம் என்னைக் கூப்பிட்டார். கிருமிக்குள் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று ஒரே நாளில் படித்துச் சொல்கிற மெஷின் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

“அக்கா, வெட்டி வேலை செய்யுது.”

“எங்க?”

“கிருபாவோட கிருமியில. மத்த எல்லாத்தையும்விட அதுதான் மும்முரமா ஓடுது. நான் மூணு தடவை பார்த்துட்டேன்.” 

மேடம் இரண்டு ஸ்கேன் படங்களைத் திரையில் வைத்தார். ஒன்று ஒன்பது வருஷத்துக்கு முந்தியது, இன்னொன்று போன வாரத்தது. “கல்தூசி பட்ட நுரையீரல் நாளாக ஆக இறுகித்தான்க்கா போகும். இளகவே இளகாது. ஆனா இங்க பாருங்க, இந்த இடமெல்லாம் இளகியிருக்கு. கிருமி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம்.”

எனக்குப் புரியவில்லை. 

“இந்தக் கிருமி இப்ப வந்தது இல்ல. ஒன்பது வருஷமா அவங்களுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. சுத்தியும் கல்லா இறுகிப்போனா அதாலயும் பிழைக்க முடியாதுல்ல? அதனால தான் இருக்கிற இடத்தை இளக்கிக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கு ஒரு புரதம் வேணும். அந்தப் புரதத்தைச் செய்யறதுதான் வெட்டியோட வேலை. சாதாரண நுரையீரல்ல அதுக்கு வேலையே கிடையாது. அதான் நாம பார்த்ததே இல்ல.”

“வாடகை குடுக்காத குடித்தனக்காரன் ஒழுகுத கூரைய அடச்ச மாதிரி.”

“அப்படியே வச்சுக்கோங்க.”

“அப்ப, மாத்திரை குடுத்து அவனக் காலி பண்ணிட்டா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நான் நினைக்கிறது சரின்னா, நுரையீரல் திரும்ப இறுகும். அஞ்சு மாசமோ ஆறு மாசமோ. ஆனா இது என் ஊகம்தான்க்கா. உறுதியாகாம நோயாளிகிட்ட சொல்ல எனக்கு அனுமதி இல்ல. அதுவரைக்கும் மாத்திரை நிக்கக் கூடாது. அவங்க இருமுறது ஊருக்கே ஆபத்து. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றேன்.

மறுநாள் காலையில் கிருபாவுக்கு நான் கொடுத்தது சத்து மாத்திரை. காச மாத்திரை மாதிரியே செம்மண் நிறம், அதே உருளை. டப்பாவை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஜெபமணியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? கிருபா விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து, கேட்காமலே நாக்கையும் தூக்கிக் காட்டினாள். நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அவள் சாகக் கூடாது, அவ்வளவுதான். வேறு எதுவும் என் மண்டைக்குள் இல்லை.

ஊரை நினைக்காமல் இல்லை. அவள் பின்கட்டில்தானே இருக்கிறாள், ஏதாவது சாக்குச் சொல்லி அங்கேயே வைத்துக்கொள்ளலாம், அதற்குள் ரஹ்மத் மேடம் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை நானே கெடுத்தேன்.

மாத்திரை ஆரம்பித்துப் பதினைந்தாம் நாள் நோயாளிகளிடம் நாங்கள் சொல்லுகிற ஒரு வாக்கியம் உண்டு. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி என் வாயிலேயே அது தேய்ந்துபோயிருக்கும். அன்றைக்குக் காலையில் மட்டும் மூன்று பேருக்குச் சொன்னேன். நாலாவதாக வந்து உட்கார்ந்தவள் கிருபா. அட்டையில் பதினைந்து என்று இருந்தது. தலை நிமிராமலே சொன்னேன்: “ரெண்டு வாரம் முடிஞ்சு போச்சு. இனிமே ஒங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. பிள்ளைகளத் தாராளமாப் பக்கத்துல வச்சுக்கிடுங்க.”

“என்ன மதினி, புதுசா நீங்க வாங்கன்னு மரியாதையெல்லாம் பலமா இருக்கு?” என்று கிருபா சிரித்தாள். அப்புறம் அழுதாள். நான் அடுத்த அட்டையை எடுத்துவிட்டேன். கூட்டம் அப்படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை ஏட்டி, வாட்டி, கழுதை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவளைப் போய் ‘ஒங்ககிட்ட’ என்று சொன்னது என் காதிலேயே விழவில்லை.

மத்தியானம் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் காலையில் அவளிடம் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சோப்பு நுரையோடு ஓடினேன். அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். முன்னறையில் பெனிட்டா தரையில் உட்கார்ந்திருந்தது. கிருபா பின்னால் உட்கார்ந்து அதன் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு மாசமாகத் தொடாத தலை. பின்னுவதும், பிடிக்கவில்லை என்று அவிழ்ப்பதும், மறுபடி பின்னுவதுமாக இருந்தாள். பிள்ளை, “போதும்மா, வலிக்கி” என்று சிரித்துக்கொண்டே அங்கேயே இருந்தது.

உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நாள் நிஜ மாத்திரை விழுங்கினாளே, கிருமி கொஞ்சம் குறைந்திருக்கும், ஜன்னலெல்லாம் திறந்துதானே கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது என்னிடம் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். வாசலில் இருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஆறு வாரம் பெனிட்டா அம்மாவை ஒட்டிக்கொண்டுதான் படுத்தது.

ஆறு வாரம் முடிந்து ஒரு காலையில் கிருபா என் மேஜைக்கு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“மதினி, எனக்கு ஒண்ணுக்கு வெள்ளையாப் போவுது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. காச மாத்திரை விழுங்குகிறவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாளே சொல்லி அனுப்புவோம், இல்லையென்றால் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள்.

“மொத அஞ்சு நாள் செக்கச்செவேல்னு போச்சு. அப்புறம் இல்ல. ஒடம்புக்குப் பழகிப்போச்சுன்னு நெனச்சேன். வெளிய பெஞ்சுல பீடி சுத்துத அக்கா ஒருத்தி இருக்காவ. அவியளுக்கு நாலு மாசமாச் செவப்பாத்தான் போவுதாம். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் போவுமாம்.” அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “எனக்கு என்னத்தக் குடுத்திய மதினி?”

சொன்னேன். ரஹ்மத் மேடத்தையும் கூப்பிட்டு அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்தின் முகம் வெளிறிப்போனது. “அக்கா, நீங்களா? நீங்களாக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கிருபா வாயைப் பொத்திக்கொண்டு மகள் பேரை மட்டும் ஒரு தரம் சொன்னாள்.

அதற்குள் மேடத்தின் ஊகம் உறுதியாகியிருந்தது. அன்று மத்தியானமே நிலையத்து ஆய்வுக் குழுவினரிடம் அனுமதி வாங்கிக் கிருபாவிடம் பேசினார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

“ஒரு வழி இருக்கு, கிருபா. வெட்டி செய்யற அந்தப் புரதத்தை நாங்க வெளியே செஞ்சு ஊசியாப் போட முடிஞ்சா, கிருமியையும் கொன்னுடலாம், நுரையீரலும் இறுகாது. அதுக்கு மூணு வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் கிருமியைச் சாகவிடாம, பெருகவும் விடாம, அளவா அடக்கி வச்சுக்கலாம். ஆனா நீங்க வீட்டுல இருக்க முடியாது. இங்கேயே கண்ணாடிக் கதவு போட்ட அறையில இருக்கணும். இந்தக் கிருமி உடம்புல ஏறாதவங்க யாரும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போய்த் தங்கக் கூடாது.”

“பிள்ளை?”

“பிள்ளையும்தான்.”

“மூணு வருஷமும் அவளத் தொடக் கூடாதா?”

“கண்ணாடி வழியாப் பார்க்கலாம்.”

“ஏற்கெனவே ரெண்டு மாசம் ஜன்னல் வழியாப் பாத்தேன் மேடம். அது பாத்ததுல சேத்தி இல்ல” என்றாள் கிருபா. “அவளுக்கு அப்பாவும் இல்ல. நான் இருக்கப்போறது ஆறு மாசம்னா ஆறு மாசம். அவகூட வீட்டுல இருந்துட்டுப் போறேன். நெச மாத்திரையைக் குடுங்க. அவளுக்கு மட்டும் இது ஒட்டிரக் கூடாது.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “ஒங்க கையாலதான் விழுங்குவேன். இந்தத் தடவை என்னை ஏமாத்தாதிய.”

ஏமாற்றவில்லை. தினம் காலையில் அவள் வருவாள். நான் மாத்திரையை எண்ணி அவள் உள்ளங்கையில் வைப்பேன். அவள் விழுங்குவாள். அவளைக் கொல்லுகிறதை நானே எடுத்துக் கொடுத்து, அது தொண்டைக்குள் இறங்கிவிட்டதா என்று டார்ச் அடித்தும் பார்த்தேன். அந்த மாதிரிக் காலைகளை எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன்.

இரண்டாவது வாரம் பெனிட்டாவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம். வீட்டில் ஒருத்தருக்குக் காசம் என்றால் பிள்ளைகளைச் சோதிப்பது வழக்கம். கிருபாவுக்கு மாத்திரை ஆரம்பித்தபோது பார்த்ததில் ஒன்றும் இல்லை. முடிவு என் கைக்குத்தான் வந்தது. பாசிட்டிவ். கிருமி அதற்குள் ஏறித் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் அம்மாவின் மூச்சைக் குடித்த பிள்ளைக்கு ஏறாமல் என்ன செய்யும்? ரஹ்மத் மேடத்திடம் காட்டினேன். அது அம்மாவின் கிருமிதான், தூங்குகிற கிருமி யாருக்கும் ஒட்டாது, ஆறு மாசம் வெள்ளை மாத்திரை கொடுத்தால் சுத்தமாகிவிடும் என்றார். “கிருபாகிட்ட சொல்லிடுங்க” என்றார்.

கிருபா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்த வேகத்துக்கே மூச்சு இரைத்தது.

“என்ன மதினி?”

அவள் உயிரை எதற்காக விட்டுக்கொண்டிருந்தாளோ, அதுவே வீணாய்ப் போயிற்று என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அதுவும் என்னால்தான் என்று எப்படிச் சொல்வேன்?

“ஒண்ணுமில்லட்டி. சுத்தமா இருக்கு.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முப்பது வருஷத்தில் நான் சோதனை முடிவை மாற்றிச் சொன்னது அன்று ஒரு தடவைதான். கிருபாவிடம் சொல்லிவிட்டேன், டாக்டரும் அவளிடம் பேசிவிட்டார் என்று ரஹ்மத் மேடத்திடமும் ஒரு பொய். பெனிட்டாவுக்கு வெள்ளை மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லித் தினமும் கொடுத்தேன். அந்த மாத்திரையில் சிறுநீர் சிவக்காது. அம்மாவுக்குச் சத்து மாத்திரையைக் காச மாத்திரை என்று கொடுத்த கை, மகளுக்குக் காச மாத்திரையைச் சத்து மாத்திரை என்று கொடுத்தது.

மூன்றாம் மாசம் கிருபாவின் சளியில் ஒரு கிருமி இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்தி நூறு கட்டம் பார்த்தேன், மறுபடி நூறு கட்டம் பார்த்தேன். ஒன்றாவது இருக்காதா என்று தேடினேன். யாருக்காவது சளி சுத்தமானால் நிலையத்தில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுப்போம். அது எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் கொடுக்கவில்லை. கிருபா விடவில்லை. “எனக்கு மட்டும் மிட்டாய் கெடையாதா? நல்லா இருக்கே ஒங்க நியாயம்” என்று அவளே டப்பாவை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். நாலு பேருக்குக் கொடுப்பதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். மீதிப் பேருக்குப் பெனிட்டா கொடுத்தது.

அப்புறம் மேடம் சொன்னபடியேதான் நடந்தது. பாட்டு நின்றது, தையல் நின்றது, நடை நின்றது. வீட்டுக்கு ஆக்சிஜன் கொண்டுவந்தோம். மார்கழி ஆரம்பத்தில் ஒரு காலையில் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கிருபா கரண்டியைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லேல்லா மதினி?”

“ஒண்ணும் இல்லட்டி.”

“சத்தியமா?”

“கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன்.”

“அது போதும்” என்றாள். பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த பெனிட்டாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ஒன்பதரை மணிக்கு மூச்சு நின்றது. பிள்ளை சீருடையோடு அம்மா கையைப் பிடித்தபடியே இருந்தது.

பெனிட்டா எங்களோடு வளர்ந்தது. ஆறு மாச மாத்திரை முடிந்தது, மறுபடி சோதித்தோம், நுரையீரல் நன்றாக இருக்கிறது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். செய்த பாவத்தில் பாதியைக் கழுவிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பொய் சொன்னாலும் அவள் நிம்மதியாகப் போனாளே என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

கிருபா போய் இரண்டு வருஷமும் நாலு மாசமும் கழித்து, ரஹ்மத் மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊசி தயாராகிவிட்டது. கிரஷர்காரர்கள் பதினோரு பேருக்குப் போட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் நுரையீரல் இளகி வருகிறது. மூணு வருஷம் என்று சொன்னது அதற்குள்ளேயே முடிந்துவிட்டது. “அன்னைக்கு அந்தக் கண்ணாடி ரூமுல இருக்க அவங்க ஒத்துக்கிட்டிருந்தா” என்று சொல்லும்போதே மேடம் அழுதுவிட்டார். “கிருபாவோட கிருமி இல்லேன்னா இது இல்லக்கா” என்று பெனிட்டாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பெனிட்டாவுக்கு இப்போது பதினைந்து வயது நடக்கிறது. அம்மா மாதிரியே பேச்சு. அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தது.

“அத்தை, அம்மா அந்தக் கண்ணாடி ரூமுல இருந்திருந்தா இந்நேரம் அந்த ஊசி போட்டிருப்பாவ, இல்லா?”

“ஆமாட்டி.”

“ஏன் இருக்கல?”

இனிமேலும் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. டப்பா மாற்றியது, பதினைந்தாம் நாள் வாய் தவறியது, வாசலில் நின்று திரும்பி வந்தது, அம்மா கேட்டது, மேடம் சொன்ன கண்ணாடிக் கதவு, எல்லாம் சொன்னேன். “ஒனக்கு ஒட்டிரக் கூடாதுன்னுதான் போனா” என்றேன். கடைசியில், அது விழுங்கியது சத்து மாத்திரை இல்லை என்பதையும், அம்மாவிடம் நான் சொன்ன முடிவு பொய் என்பதையும் சொன்னேன். “ஒங்க அம்மா மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு சொன்னேன்ட்டி. அந்த ஒரு பொய்யாவது நல்லதுக்குச் சொன்னேன்.”

பெனிட்டா அழும், கத்தும், கீரைத் தட்டைத் தூக்கி எறியும் என்று இருந்தேன். அது கணக்குப் பாடம் போடுகிற பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தது.

“அந்தக் கிருமி ஏறாதவங்கதான அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது?”

“ஆமா.”

“எனக்குத்தான் ஏறியிருந்துச்சே அத்தை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“நீங்க நெசத்தச் சொல்லியிருந்தா, நானும் அம்மாவும் சேந்தே உள்ள இருந்திருப்போம்லா” என்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இது எனக்குத் தோன்றவில்லை. பெனிட்டா எழுந்து தன் அறைக்குப் போனது. கதவைச் சாத்திக்கொண்டது.